எந்தக் கால் நல்ல கால்?

புதுப்பட்டினம்,
மாசி மாதம் 4ஆம் தேதி

அன்பும் பாசமும் நிறைந்த தங்கச்சி பார்வதத்துக்கு அக்காள் எல்லம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், உன் மாமாவும், மகன் ரஞ்சித்குமாரும், மருமகள் அன்பரசியும், பேத்தி ஷாரோனும், என்னுடைய இரண்டு புது முட்டிகளும் சுகம். அச்சரப்பாக்கத்தில் நீயும், உன் வீட்டுக்காரர் கிருபாகரனும், உன்னுடைய இரண்டு பழைய முட்டிகளும் எப்படி என்று நான் கேட்கவே தேவையில்லை. நேற்று போனில் நீ நாற்காலியை விட்டு எழுந்த சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறாய், உன் வீட்டுக்காரர் போனை வாங்கி, அப்புறம் பேசுகிறோம் அண்ணி என்று வைத்துவிடுகிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. விஷயம் இதுதான். வருகிற புதன்கிழமை செங்கல்பட்டில் அதே டாக்டர் ஹரிகிருஷ்ணனிடம் உனக்கு ஆபரேஷன். எனக்குச் செய்த மாதிரியே ரெண்டு முட்டியையும் ஒரே தடவையில் மாற்றிக்கொள் என்று நானும் ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீ என்னடாவென்றால் ஒன்று இப்போது, இன்னொன்று அப்புறம் என்று முடிவு செய்துவிட்டாயாம். பயந்தாங்கொள்ளி. புதன்கிழமைக்குள் உன் மனசை மாற்றியே தீருவது என்று ஷாரோனுடைய நோட்டிலிருந்து எட்டுத் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாவது படித்தவள் எழுதுவதுதானே என்று மேம்போக்காகப் படிக்காதே. நீ நாலாவதோடு நின்றவள்.

என் கால்கள் இருந்த லட்சணம் உனக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நடவு நட்ட கால்கள், அப்புறம் முப்பது வருஷம் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வீடு வீடாகக் குந்தி உட்கார்ந்து தரை துடைத்த கால்கள். ரெண்டும் வெளிப்பக்கமாக வளைந்து, நடுவில் ஒரு குடத்தை வைத்தால் தட்டாமல் தாண்டிப் போவேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டிலும் ஜவ்வு சுத்தமாகத் தேய்ந்துபோச்சு, முதலில் இடது, மூணு மாசம் கழித்து வலது என்றுதான் சொன்னார். அப்புறம் இருதயம், சர்க்கரை, ரத்தம் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். "உங்க ஹார்ட் நல்லா இருக்கும்மா. தைரியம் இருந்தா ரெண்டையும் ஒரே தடவையில பண்ணிடலாம். ரிஸ்க் கொஞ்சம் அதிகம், ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும், மொதல் ரெண்டு வாரம் கஷ்டம் டபுளா இருக்கும். ஆனா ஒரே மயக்கம், ஒரே படுக்கை, வேலை முடிஞ்சுது" என்றார்.

உன் மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ண மொதல்ல போட்டுப் பாப்போம் டாக்டர். நல்லா கீதான்னு பாத்துட்டு இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்றார். எனக்கு வந்தது பாரு ஆத்திரம். "இன்னாய்யா, நான் உன் சைக்கிளா? ஒரு டயர மாத்திட்டு ஓட்டிப் பாக்கறதுக்கு?" என்று டாக்டர் முன்னாலேயே கேட்டுவிட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும் பார்வதம். ஒரு கால் வலியைப் பார்த்துவிட்டேன் என்றால் இன்னொரு காலுக்கு நான் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வைக்க மாட்டேன். எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு ரிட்டையர்டு டீச்சர் உட்கார்ந்திருந்தாள், சாரதாம்பாள் என்று பேர். ரெண்டு வருஷம் முன்னால் வலது முட்டியை மாற்றிக்கொண்டு, இடதுக்கு அப்புறம் வருகிறேன் என்று போனவள், அன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். ஒரு கால் கம்பம் மாதிரி நேராக, ஒரு கால் அரிவாள் மாதிரி வளைந்து. அவள் எழுந்து நடந்ததைப் பார்த்தேன், அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இதில்தான் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது, அதற்கு நீயும் ஒரு காரணம். இடது கால் முதலில் என்று சொல்லியிருந்தபோது, என் அக்காள் இடது முட்டி நல்லபடியானால் அவள் திருக்கழுக்குன்றம் மலை ஏறி வருவாள் என்று நீ வேண்டிக்கொண்டாய். வேண்டிக்கொண்டவள் நீ, ஏற வேண்டியவள் நான். சரி, போகட்டும். இது போதாதென்று, ஆபரேஷன் அன்றைக்கு வராந்தாவில் நின்ற உன் மாமா, ஜென்மத்தில் கோயில் பக்கம் போகாத மனுஷன், கையைக் கூப்பிக்கொண்டு, வலது முட்டி நல்லபடியானால் எல்லம்மா மலை ஏறுவாள் என்று அதே சாமியிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். இடதை ஏன் விட்டாய் என்று கேட்டேன். அதைத்தான் பார்வதம் பார்த்துக்கொள்கிறாளே என்றார். ஆக, ஒரே ஆபரேஷனுக்கு ரெண்டு தடவை ஐந்நூற்றுச் சொச்சம் படி. அன்பரசியின் அம்மா வீட்டார் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், கோவளத்தில் இருப்பவர்கள், அவர்கள் மட்டும்தான் ரெண்டு முட்டிக்கும் சேர்த்து ஒரே ஜெபமாகச் செய்து, என்னை எங்கேயும் ஏறச் சொல்லாமல் விட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து கண் திறந்தால் ரெண்டு காலும் தலையணை மாதிரிக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், வலித்தது. ஆனால் அதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது கேள். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் எந்தக் காலுக்காக அழுவது என்று முடிவு பண்ணுவதற்குள் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். ஒரு கால் மாற்றினவர்கள் இன்னொரு காலில் பாரத்தைப் போட்டுச் சமாளிப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே இல்லை, ரெண்டும் புதுசு, ரெண்டுக்கும் என்னைத் தெரியாது. நாலாம் நாள் ஜெபக்குமார் என்கிற பயிற்சி கொடுக்கிற தம்பி, மரத்தில் செய்த மூணு படிக்கட்டு முன்னால் என்னை நிறுத்தி, எல்லாரிடமும் சொல்வதை எனக்கும் சொன்னான். "ஏறும்போது நல்ல காலை மொதல்ல வைங்கம்மா. எறங்கும்போது ஆபரேஷன் பண்ண காலை மொதல்ல வைங்க."

நான் யோசித்தேன். "தம்பி, எனக்கு ரெண்டுமே ஆபரேஷன் பண்ண காலு. அப்படின்னா நான் எறங்கத்தான் முடியும், ஏறவே முடியாதா?"

அந்தப் பிள்ளை படிக்கட்டைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான். கடைசியில், எதில் வலி குறைச்சலோ அதுதான் நல்ல கால் என்று வைத்துக்கொள்ளச் சொன்னான். அது காலையில் ஒன்றாக இருக்கும், சாயந்திரம் ஒன்றாக இருக்கும். அதற்குள் உன் மாமா, வலதுதான் நல்ல கால், நான் வேண்டிக்கொண்ட கால் ஆயிற்றே என்று ஆரம்பித்துவிட்டார். அன்றையிலிருந்து இந்த வீட்டில் இடது உன் கால், வலது அவர் கால். காலையில் எழுந்ததும், வலது எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்பார். இடதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு என் பேத்தியின் ராஜ்ஜியம். ஷாரோன் பிசியோதெரபி மூணாம் வருஷம் படிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும், தெரிந்தாலும் இன்னொரு தடவை எழுதுகிறேன், இந்தத் தெருவிலேயே அந்தப் படிப்பு படிக்கிறவள் அவள் ஒருத்திதான். முட்டியில் ஸ்கேல் மாதிரி ஒன்றை வைத்து எத்தனை டிகிரி மடங்குகிறது என்று தினமும் அளந்து நாள்காட்டியில் எழுதுவாள். ஒரு பக்கம் 'சின்ன ஆயா கால்', இன்னொரு பக்கம் 'தாத்தா கால்'. எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்று ஐந்து. நான் கத்தினால், "கத்து ஆயா, ஆனா மடக்கிகினே கத்து" என்பாள். பெற்ற தாய்கூட என்னை இந்த மிரட்டு மிரட்டினதில்லை. நூற்றுப் பத்தை முதலில் தொட்டது உன் கால்தான் பார்வதம். அன்றைக்கு உன் மாமா சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார். உப்பு இருந்தது.

இன்னொரு அதிசயம் கேள், இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வளைந்திருந்த ரெண்டு காலும் ஒரே நாளில் நிமிர்ந்ததில் நான் ஒன்றேகால் இன்ச் உயரம் கூடிவிட்டேன். இந்த வயசில். புடவையெல்லாம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. பரணில் இருந்த பித்தளைத் தவலையை நானே எட்டி எடுத்தேன். உன் மாமாவும் நானும் நாற்பது வருஷமாக ஒரே உயரம், இப்போது அவர் தலையில் எங்கே வழுக்கை என்று எனக்குத் தெரிகிறது. மாமல்லபுரத்தில் ரஞ்சித்தின் சிநேகிதன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவன் எங்களை நிற்கச் சொன்னபோது, இவர் மெதுவாகப் பின்னால் போய் மேடைப் படியில் ஏறி நின்றுகொண்டார். போட்டோ வந்ததும் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளையை விட உயரமாக இருக்கிறார். ஒரு காலாக மாற்றினால் இந்த உயரமெல்லாம் வருமா? ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து சாய்ந்து நிற்பாய். யோசித்துப் பார் பயந்தாங்கொள்ளி.

குறை ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், ஒன்று இருக்கிறது. தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது, குந்தக் கூடாது. வீட்டில் நாற்காலி, கட்டில், கழிப்பறையில் வெஸ்டர்ன் எல்லாம் ரஞ்சித் ஏற்பாடு செய்துவிட்டான். வெளியில் போனால்தான் தொல்லை. கார்த்திகையில் சதுரங்கப்பட்டினத்தில் தொண்ணூறு வயசுக் கிழவி ஒருத்தி தவறிவிட்டாள், உன் மாமாவுக்கு ஒரு வகையில் அத்தை முறை, நான் அவளை ரெண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். போனால் பெண்கள் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நான் மட்டும் எப்படி நிற்பது? யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நடு வட்டத்தில் போட்டார்கள். கிழவியின் தலைமாட்டில், எல்லாருக்கும் மேலே, நான் மட்டும் நாற்காலியில். கட்டிக்கொள்ள வந்த பெண்களுக்குத் தோள் எட்டவில்லை, முட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மெதுவாம்மா, ஆபரேஷன் கால் என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அப்புறம் கட்சிக்காரர் ஒருத்தர் மாலையோடு வந்தார். நாற்காலியில் இருப்பவள்தான் வீட்டுக்குப் பெரியவள் என்று நினைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் கேட்டார். நான் என்ன சொல்வேன், தலையை ஆட்டினேன். அதைப் பார்த்த மேளக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"டயம் ஆவுது. எடுக்கலாமாம்மா?"

பெரிய மனுஷர், மரியாதையாகக் கேட்கிறார். "எடுங்கப்பா" என்றேன்.

மேளம் அடித்தார்கள், எடுத்தார்கள், தெருமுனை வரைக்கும் போய்விட்டார்கள். அப்புறம்தான் தெரிகிறது, கிழவியின் மூத்த மகள் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், அவள் முகம் பார்க்கத்தான் இத்தனை நேரம் வைத்திருந்தார்கள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கினால் அம்மா எதிரிலேயே வருகிறாள். நடுத்தெருவில் இறக்கி வைத்து, அவள் அழுது முடிக்கும் வரைக்கும் எல்லாரும் வெயிலில் நின்றார்கள். "யார்ரா எடுக்கச் சொன்னது?" என்று மகன் கேட்டதற்கு மொத்த சனமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, ஆமாம் பார்வதம், நானே தூக்கிக்கொண்டு, கம்பு இல்லாமல், கைத்தாங்கல் இல்லாமல், யாரும் கூப்பிடுவதற்குள் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்துவிட்டேன். அவ்வளவு வேகம் நான் நாற்பது வயசில்கூட நடந்ததில்லை. இது ஒன்றே போதாதா, ரெண்டையும் சேர்த்து மாற்றினால் எப்படி இருக்கும் என்பதற்கு?

இனி மலைக்கு வருகிறேன். இங்கிருந்து செங்கல்பட்டு போகிற பஸ் கழுக்குன்றத்தைத் தாண்டித்தானே போக வேண்டும். ஒவ்வொரு செக்கப்புக்குப் போகும்போதும் மலை தெரிந்தவுடனே உன் மாமா ஜன்னல் வழியாகக் கும்பிட்டு, "வரோம், வரோம், இன்னும் கொஞ்சம் டயம் குடு" என்று சத்தமாகவே சொல்லுவார். கண்டக்டர், யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்பான். அஞ்சு மாசம் முடிந்ததும் டாக்டரிடம் கேட்டேன். அவர் அவசியமா என்றார். ரெண்டு பேர் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து, பேத்தியோடு போங்கள் என்று விட்டுவிட்டார்.

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, விடிந்ததும் அடிவாரத்தில் மூணு பேரும் நிற்கிறோம். அங்கே போய்ப் பழைய சண்டை. ஒரு தடவை ஏறினால் போதும் என்று நான், ரெண்டு வேண்டுதலுக்கு ஒரு தடவை ஏறினால் சாமி யாருடையது என்று கேட்குமே என்று அவர். எந்தக் காலை முதலில் வைப்பது என்பதற்கும் சண்டை. கடைசியில் நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். ஒரு படிக்கு இடது காலை முன்னால் வைப்பேன், அது பார்வதம் கணக்கு. அடுத்த படிக்கு வலது காலை முன்னால் வைப்பேன், அது உன் கணக்கு. ஒரே ஏற்றத்தில் ரெண்டு வேண்டுதலும் முடிந்துபோகும், சாமிக்கும் குழப்பமில்லை. அவர் ஒத்துக்கொண்டார். இடது, வலது, இடது, வலது. அவர் 'பார்வதம், நானு, பார்வதம், நானு' என்று எண்ணிக்கொண்டே பின்னால் வருகிறார். இறங்கி வருகிறவர்கள் எல்லாம் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பாதி மலையில் ஷாரோன் திடீரென்று நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"ஆயா, நீ இன்னா பண்ணிகினு கீற தெரியுதா? கால மாத்தி மாத்தி வெச்சு ஏறிகினு கீற. எல்லாரும் ஏறுற மாதிரி. இத உனக்குச் சொல்லித் தரத்தான் நானு ரெண்டு மாசமா கத்திகினு கீறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து வருஷமாக ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் சேர்த்து வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினவள் நான். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். எது நல்ல கால் என்று இத்தனை நாள் தேடினேனே, ரெண்டும் நல்ல காலாகி எத்தனை நாள் ஆயிற்றோ தெரியவில்லை. உச்சிக்குப் போனபோது கடைசிப் படிக்கு உன் முறை வந்தது. உன் மாமா, இல்லை, நடுவில் ஒன்று விட்டுப்போச்சு, மறுபடி எண்ண வேண்டும் என்றார். யார் இறங்கி எண்ணுவது? கடைசிப் படி உன் கால்தான் பார்வதம். சாமி முன்னால் நின்று அதை உன் பேரில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இறங்கும்போது எனக்கு ஒன்றும் இல்லை, அவருக்குத்தான் முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு கையில் ஷாரோன், ஒரு கையில் நான். கொண்டுவந்து சேர்த்தோம்.

இவ்வளவும் எழுதியது எதற்கு என்றால், நீயும் ரெண்டையும் ஒரே நாளில் மாற்றிக்கொள். ஒரே வலி, ஒரே அழுகை, ஒரே தடவை ஹார்லிக்ஸ். வருகிற தையில் நாம் ரெண்டு பேரும், நாலு புது முட்டியோடு, சேர்ந்து மலை ஏற வேண்டும். சின்ன வயசில் நடவு வயலில் நான்தான் உனக்கு முன்னால் போய் ஆழம் பார்த்துச் சொல்லுவேன், நீ பின்னால் வருவாய். இதிலும் நான் முன்னால் போய்ப் பார்த்துவிட்டேன், பள்ளம் ஒன்றும் இல்லை, வா. பயந்தாங்கொள்ளியாக இருந்து சாரதாம்பாள் டீச்சர் மாதிரி ஆகிவிடாதே.

எல்லாருக்கும் என் அன்பும், சின்னவர்களுக்கு முத்தமும், உனக்கும் உன் ரெண்டு முட்டிகளுக்கும் என் நிறைந்த ஆசீர்வாதமும். நூறு வயசு, கம்பு ஊன்றாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
சி. எல்லம்மாள்

பின்குறிப்பு: கவரில் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருக்கும்போது உன் வீட்டுக்காரர் போன் செய்தார். ரெண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது என்று டாக்டரே சொன்னாராமே, எக்கோ எடுத்துப் பார்த்ததில் உன் இருதயம் அதைத் தாங்காதாமே. பதினைந்து நாளாகத் தெரிந்தும், அக்காள் கவலைப்படுவாள் என்று மறைத்து, பயந்தவள் மாதிரி நடித்து என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாயா? மேலே பயந்தாங்கொள்ளி என்று மூணு இடத்தில் எழுதியிருக்கிறேன், மூணையும் அடித்துவிடு. ரெண்டையும் சேர்த்துச் செய் என்று எழுதினதையும் அடித்துவிடு. சாரதாம்பாள் டீச்சர் நல்ல மனுஷி, ஒன்று ஒன்றாகச் செய்வதுதான் நிதானம், வண்டிக்குக்கூட ஒவ்வொரு சக்கரமாகத்தான் கழற்றுவார்கள். டாக்டர் சொன்னபடி செய். ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது என்பதால் தபாலில் போடுகிறேன், ஆனால் இது வருவதற்குள் நான் உன் வீட்டில் இருப்பேன், பையில் துணி எடுத்து வைத்தாகிவிட்டது, நாற்காலி மட்டும் ஒன்று தயாராக வை. ரெண்டாவது காலுக்கும் நானே வருவேன். படிக்கட்டு முன்னால் நிறுத்தும்போது எது நல்ல கால் என்று உனக்காவது குழப்பம் இருக்காது. உன் இடது முட்டிக்கு நான் வேண்டிக்கொண்டுவிட்டேன், வலதை உன் மாமா எடுத்துக்கொண்டார், ரெண்டு தடவையும் ஏற வேண்டியவள் நீ. இவர் முட்டி ரெண்டுக்கும்தான் வேண்டிக்கொள்ள ஆள் இல்லை. படுத்திருக்கிற நேரத்தில் அதை நீ செய். மலை ஏற வேண்டியது அவர்தான் என்று மட்டும் சாமியிடம் தெளிவாகச் சொல்லிவிடு.